சக்கரம் தப்பிய வருஷம்: ஏழு பண்டிகைகள் பாடப்பெட்டி, இரண்டு வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு

இந்தப் பெட்டியை வாங்கி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வாங்கிய மாதமே எழுத உட்கார்ந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பேன். சோம்பலில் தள்ளிப் போட்டது நல்லதாகப் போயிற்று. இப்போது மூன்றரை. மீதி ஒன்றரை எங்கே போயிற்று என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சண்டே ஸ்கூலில் 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு 22 வருஷமாகப் பாடம் எடுக்கிறேன். இறையியல் படித்ததில்லை. இஸ்ரவேலருக்குக் கொடுத்த ஏழு பண்டிகைகளையும் வரிசையாகச் சொல்லும் லேவியராகமம் 23-ஆம் அதிகாரம் வரும்போதெல்லாம் ஒரே வாரத்தில் ஓட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவுகிற ஆள். "கிறிஸ்தவங்களுக்கு இந்தப் பண்டிகையெல்லாம் எதுக்கு டீச்சர்?" என்று யாராவது கேட்டால், "எல்லாம் இயேசுவுக்கு முன்னடையாளம்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவேன். அந்த ஒரு வரியைப் பிரித்துக் காட்ட ஒரு பெட்டி கிடைத்ததும் சந்தோஷமாக வாங்கினேன்.

உள்ளே இருப்பவை: கதவு உயரத்துக்கு லேமினேட் செய்த சுவர் சார்ட் ஒன்று, ஆசிரியர் கையேடு, படஅட்டைகள் ஒரு கட்டு, எட்டு வீடியோ பாடங்கள், எபிரெய மாதங்களையும் நம் மாதங்களையும் பொருத்திப் பார்க்கிற ஒரு அட்டைச் சக்கரம். அச்சு சுத்தம். அட்டைகள் தடிமன். பிள்ளைகள் கையில் இரண்டு வருஷம் அடிபட்டும் நான்கைந்து அட்டைக்குத்தான் முனை மடங்கியிருக்கிறது. வீடியோவில் பேசுகிறவர் கத்தாமல் பேசுகிறார். அதற்கே அரை நட்சத்திரம் கொடுக்கலாம்.

முதல் பாடம் "பண்டிகை" என்ற சொல்லையே எடுத்துக்கொள்கிறது. நாம் பண்டிகை என்று படிக்கிற இடத்தில் எபிரெயத்தில் "மோயெத்" என்று இருக்கிறது. குறித்த வேளை, குறித்த சந்திப்பு என்று அதற்கு அர்த்தம். ஆசரிப்புக் கூடாரத்தின் எபிரெயப் பெயரிலும் இதே சொல்தான். ஆதியாகமம் 1:14-இல் சூரியனும் சந்திரனும் எதற்கென்று சொல்லும்போதும் இதே சொல் வருகிறது. ஆக, கூடாரம் சந்திக்கிற இடம், பண்டிகை சந்திக்கிற நேரம். 22 வருஷமாக இந்த அதிகாரத்தைத் தொட்டும் தொடாமலும் போன எனக்கு இது புதிது. பாடத்தை இரண்டு தடவை பார்த்தேன்.

எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பாடம்தான் இந்தப் பெட்டியின் உயிர். யாத்திராகமம் 12-இன்படி ஆட்டுக்குட்டியை மாதத்தின் 10-ஆம் தேதி தெரிந்தெடுத்து, 14-ஆம் தேதி வரை வைத்திருந்து, சாயங்காலத்தில் அடிக்க வேண்டும். இதைப் பல தடவை வாசித்திருக்கிறேன். அந்த நாலு நாள் எனக்கு வெறும் தேதியாகத்தான் தெரிந்தது. கையேட்டில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள்: ஆட்டுக்குட்டி படம் போட்ட அட்டையை ஆளுக்கொன்று வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். நாலு நாள் அது சாப்பாட்டு மேசையில், படுக்கையில், புத்தகத்துக்குள் என்று கூடவே இருக்க வேண்டும். ஐந்தாம் நாள் திருப்பிக் கொண்டுவந்து வகுப்பில் கொடுத்துவிட வேண்டும்.

சின்னப்பிள்ளைத்தனம் என்று நினைத்துத்தான் கொடுத்தேன். திரும்பி வந்தபோது பாதி அட்டைகளில் பின்பக்கம் பேர் எழுதியிருந்தது. ஒரு பையன் கொடுக்க மாட்டேன் என்று கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். "பழுதில்லாததாதானே டீச்சர் பார்த்து எடுத்தோம், அப்புறம் ஏன்?" என்றான். பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிற அந்த வரி, நம்முடைய பஸ்கா கிறிஸ்துவே என்பது, அந்தப் பையன் கையை முன்னால் நீட்டிய நிமிஷத்தில் வகுப்புக்குப் புரிந்தது. எனக்கும்தான். எலும்பு ஒன்றும் முறிக்கக்கூடாது என்கிற கட்டளையையும் யோவான் 19-ஐயும் அடுத்தடுத்த அட்டையாக வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் விளக்கம் எதுவும் போடவில்லை. சரியான இடத்தில் வாயை மூடத் தெரிந்தவர் யாரோ இதை எழுதியிருக்கிறார்.

புளிப்பில்லா அப்பப் பண்டிகை பாடம் பரவாயில்லை ரகம். புளிப்பு என்றால் பாவம், வீட்டைத் துடைப்பது மனந்திரும்புதல். 1 கொரிந்தியர் 5-க்கு அது பொருந்தும். ஆனால் "வேதம் முழுவதும் புளித்தமா பாவத்தையே குறிக்கும்" என்று கையேடு அடித்துச் சொல்கிறது. மத்தேயு 13-இல் இயேசு பரலோகராஜ்யத்தையே புளித்தமாவுக்கு ஒப்பிடுகிறாரே? போதாததற்கு இதே லேவியராகமம் 23-இல், பெந்தெகொஸ்தே அன்று அசைவாட்ட, அதாவது கர்த்தருக்கு முன் அசைத்துப் படைக்க, சொல்லும் இரண்டு அப்பங்களும் புளிப்புள்ளவை. இரண்டு பக்கம் தள்ளிப் படித்தால் கையேடே அதைச் சொல்கிறது, ஆனால் முன்னால் சொன்னதைத் திருத்தவில்லை. என் பிரதியில் பென்சிலால் திருத்திவிட்டேன்.

முதற்பலன் கதிர்க்கட்டு பற்றிய பாடத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. "ஓய்வுநாளுக்கு மறுநாள்" என்றால் எந்த மறுநாள் என்பதில் யூதர்களுக்குள்ளேயே சண்டை இருந்தது. வாராந்தர ஓய்வுநாளுக்கு மறுநாள், அதாவது எப்போதும் ஞாயிறு என்று ஒரு சாரார். பண்டிகையின் முதல் நாளையே ஓய்வுநாளாகக் கொண்டு, அதற்கு மறுநாளான நிசான் (பஸ்கா வருகிற எபிரெய மாதம்) 16 என்று பரிசேயர். இரண்டையும் வீடியோவில் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, நித்திரையடைந்தவர்களில் கிறிஸ்து முதற்பலனானார் என்ற 1 கொரிந்தியர் 15:20-க்கு வருகிறார்கள். வாற்கோதுமைக் கதிர் ஒரு கட்டு முன்னால் வந்தால், பின்னால் வயல் முழுக்க வருகிறது என்று அர்த்தம். உயிர்த்தெழுதல் அவரோடு நின்றுபோகிற விஷயமில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இப்போது சக்கரம்.

2023-இல் பஸ்கா ஏப்ரல் 5 மாலை தொடங்கியது. பெரிய வெள்ளி ஏப்ரல் 7, ஈஸ்டர் ஏப்ரல் 9. சக்கரத்தைத் திருப்பி வைத்தால் அச்சடித்தாற்போல் பொருந்தியது. பிள்ளைகள் அசந்துபோனார்கள், நானும் பெருமையாக நின்றேன். அடுத்த வருஷத்துக்குக் கையேட்டில் ஒரு குறிப்பு: சந்திர வருஷத்துக்கு 354 நாள்தான், அதனால் வருஷத்துக்கு 11 நாள் பின்னால் திருப்புங்கள். திருப்பினேன். 2024 பஸ்கா மார்ச் 25 வாக்கில் வந்தது. ஈஸ்டர் மார்ச் 31. ஆகா, இதுவும் பொருந்துகிறதே என்று சார்ட்டில் எழுதியே போட்டுவிட்டேன்.

ஒரு பெண் போனில் பார்த்துவிட்டு வந்து, "டீச்சர், இந்த வருஷம் யூதர்கள் பஸ்கா ஏப்ரல் 22 சாயங்காலம்தான் ஆரம்பிக்குது. அப்படின்னா இயேசு பஸ்காவுக்கு முன்னாடியே உயிர்த்தெழுந்துட்டாரா?" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, வேர்த்தது.

வீட்டில் உட்கார்ந்து படித்த பிறகுதான் விளங்கியது. சக்கரத்தில் 12 மாதம்தான் இருக்கிறது. எபிரெய நாட்காட்டியில் 19 வருஷத்துக்கு 7 தடவை 13-ஆவதாக ஒரு மாதம் சேர்ப்பார்கள். 2024 அப்படிப்பட்ட வருஷம். அந்த மாதத்தைச் சக்கரம் செய்தவர்கள் மறந்துவிட்டார்கள். இதைச் சின்னப் பிழை என்று விட மனம் வரவில்லை. ஏனென்றால் அந்த மாதத்தில்தான் பண்டிகைகளின் கருத்தே இருக்கிறது. பஸ்கா ஆபிப் மாதத்தில் (நிசானின் பழைய பெயர்) வர வேண்டும் என்கிறது யாத்திராகமம். ஆபிப் என்றால் கதிர் முற்றுகிற பருவம். 11 நாள் 11 நாளாகப் பின்னால் போய்க்கொண்டே இருந்தால் சில வருஷத்தில் பஸ்கா குளிர்காலத்துக்குப் போய்விடும், அசைவாட்ட வயலில் ஒரு கதிர் இருக்காது. வானத்தில் நிலா, மண்ணில் கதிர், இரண்டும் சேருகிற நாளில்தான் சந்திப்பு. நிலாவை மட்டும் வைத்துச் செய்த சக்கரம் எப்படிச் சரியாக ஓடும்?

ஈஸ்டர் ஏன் தனியாகப் போயிற்று என்பதற்கும் பெட்டியில் ஒரு வரிகூட இல்லை. அதையும் நானே தேடிப் படிக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் நூற்றாண்டில் ஆசியா மைனர் சபைகள் நிசான் 14-ஐ, எந்தக் கிழமையானாலும் சரி, அப்படியே அனுசரித்தன. ரோமிலோ ஞாயிறுதான். ஆசியா மைனரின் சிமிர்னாவிலிருந்து அந்த ஊர் பிஷப், கிழவர் பொலிகார்ப், ரோமுக்குப் போய் அங்கே பிஷப்பாக இருந்த அனிசேட்டஸோடு பேசிப் பார்த்தார். இரண்டு பேரும் இறங்கி வரவில்லை, ஆனால் சேர்ந்து திருவிருந்தில் பங்கெடுத்துவிட்டுச் சமாதானமாகப் பிரிந்தார்கள். அந்த நூற்றாண்டின் கடைசியில் ரோமின் பிஷப் விக்டர் இதே விஷயத்துக்காக ஆசியச் சபைகளை விலக்கிவைக்கப் போக, லியோன் பிஷப் ஐரேனியஸ் குறுக்கே விழுந்து புத்தி சொன்னார். 325-இல் நிசேயாவில் கூடிய திருச்சபைச் சங்கத்தில், யூதர்களின் கணக்கைச் சாராமல் எல்லாரும் ஒரே ஞாயிற்றில் அனுசரிப்பது என்று தீர்மானமானது. இதை நான் வகுப்பில் சொன்னபோது பிள்ளைகளுக்குப் பிடித்தது பொலிகார்ப்பைத்தான். சண்டை தீராமலே சேர்ந்து சாப்பிட்டார்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

பெந்தெகொஸ்தேயை வேகமாகக் கடக்கிறேன், பெட்டியும் அப்படித்தான் கடக்கிறது. 50 நாள் கணக்கு, கோதுமை அறுவடை, இரண்டு அப்பங்கள், அப்போஸ்தலர் 2. இரண்டு அப்பம் என்றால் யூதரும் புறஜாதியாரும் என்பதை வசனமே சொன்னதுபோல் சொல்கிறார்கள். வசனம் அப்படிச் சொல்லவில்லை, அது நாம் பார்க்கிற பார்வை. சீனாயில் பொன் கன்றுக்குட்டியை வணங்கியதற்காக 3,000 பேர் விழுந்ததையும் எருசலேமில் 3,000 பேர் சேர்ந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் அட்டை பிள்ளைகளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பாவநிவாரண நாள் பாடத்தில் எனக்கு வேறு மாதிரியான அடி. வீடியோவில், பிரதான ஆசாரியன் காலில் கயிறு கட்டி மகா பரிசுத்தஸ்தலத்துக்குள் அனுப்புவார்கள், மணிச்சத்தம் நின்றால் செத்துவிட்டான் என்று இழுத்து எடுப்பார்கள் என்று சொல்கிறார். நானும் இதை இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதுவும் கயிறு இழுக்கிற மாதிரி நடித்துக் காட்டி. இந்தத் தடவை ஏனோ வசனத்தைத் தேடினேன். இல்லை. வேதத்தில் எங்கேயும் கயிறே இல்லை. பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இந்த நாளைப் பற்றி ஒரு தனிப் பகுதியே இருக்கிறது, அதிலும் இல்லை. பல நூற்றாண்டு கழித்து வந்த சோகார் என்ற யூத மறைஞான நூலில்தான் கயிறு தலைகாட்டுகிறது. இன்னும் கொஞ்சம் யோசித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்: பொன்மணி தொங்குவது யாத்திராகமம் 28-இல் வருகிற அலங்கார அங்கியில். பாவநிவாரண நாளில் உள்ளே போகும்போது ஆசாரியன் அதைப் போடுவதில்லை. லேவியராகமம் 16:4-இன்படி சாதாரண சணல்நூல் உடைதான். மணியே இல்லாதபோது எந்தச் சத்தம் நிற்கும்?

அடுத்த ஞாயிறு பிள்ளைகளிடம் போய், நான் இதுவரை சொன்ன கதை தப்பு என்று சொன்னேன். கயிற்றைவிட அந்த உடை மாற்றம் அவர்களைப் பிடித்துக்கொண்டது. மினுமினுக்கிறதை எல்லாம் கழற்றிவிட்டு வேலைக்காரன் மாதிரி உள்ளே போனாரா என்று ஒருத்தி கேட்டாள். கிறிஸ்து தம்மை வெறுமையாக்கி அடிமையின் ரூபமெடுத்தார் என்கிற பிலிப்பியர் 2-ஐத் திறக்கச் சொன்னேன். பெட்டி தராத பாடம் அது.

இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள் பகுதி நன்றாகச் செய்திருக்கிறார்கள். ஒன்று கர்த்தருக்கு, ஒன்று போக்காடு. ஒன்றின் இரத்தம் உள்ளே போகிறது, இன்னொன்று எல்லா அக்கிரமத்தையும் தலையில் சுமந்துகொண்டு வனாந்தரத்துக்குப் போகிறது. ஒரே கிறிஸ்துவுக்கு இரண்டு ஆடு ஏன் என்ற கேள்விக்கு, மன்னிப்பு ஒன்று, அகற்றிவிடுவது இன்னொன்று என்று பதில்.

ஆனால் இங்கேதான் சார்ட்டோடு எனக்குப் பெரிய தகராறு. முதல் நாலு பண்டிகைக்கும் "நிறைவேறியது" என்று பச்சையில் போட்டிருக்கிறார்கள். கடைசி மூன்றுக்கும் "இனி நிறைவேறும்" என்று சிவப்பில். பாவநிவாரண நாளும் சிவப்பில் கிடக்கிறது. எபிரெயர் 9-ஐ ஒருவர் ஒரு தடவை வாசித்தால் போதும்: கிறிஸ்து தம்முடைய சொந்த இரத்தத்தினால் ஒரேதரம் பரிசுத்த ஸ்தலத்திலே பிரவேசித்தார் என்று அந்த அதிகாரம் முழுக்க இந்த நாளைத்தான் பேசுகிறது. இஸ்ரவேல் மனந்திரும்பும் நாளுக்காக அதை ஒதுக்கிவைக்கிறார்கள் என்பது புரிகிறது, சகரியா 12 கையில் இருக்கிறது. இருக்கட்டும். அதற்காக எபிரெயரைச் சிவப்பு மைக்குள் தள்ள முடியுமா? நாலு முடிந்தது, மூன்று பாக்கி என்கிற கணக்கு சார்ட்டில் பார்க்க அழகு. வசனம் அந்தக் கட்டத்துக்குள் அடங்க மறுக்கிறது.

எக்காளப் பண்டிகை வீடியோவைப் பிள்ளைகளுக்குப் போட வேண்டாம் என்பேன். கடைசி எக்காளம் தொனிக்கும் என்ற 1 கொரிந்தியர் 15-ஓடு இதை இணைப்பது தப்பில்லை. அதோடு நிற்கவில்லை. "அந்த நாளையும் அந்த நாழிகையையும் ஒருவனும் அறியான்" என்று இயேசு சொன்னது இந்தப் பண்டிகையைக் குறிக்கும் யூத வழக்குச்சொல் என்கிறார் பேச்சாளர். இந்தப் பண்டிகை மாதத்தின் முதல் நாளில் வருகிறது; பிறை கண்டதற்குச் சாட்சி சொன்ன பிறகுதான் மாதம் பிறக்கும் என்பது மிஷ்னாவில் இருக்கிறது, அது உண்மை. அப்படி ஒரு வழக்குச்சொல் இருந்ததற்கு மட்டும் அவர் ஒரு ஆதாரமும் காட்டவில்லை. தெரியாது என்று ஆண்டவர் சொன்னதையே தேதி கண்டுபிடிக்கச் சாவியாக்குவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. 1988 செப்டம்பரில் இந்தப் பண்டிகையை ஒட்டி கிறிஸ்துவின் வருகை இருக்கும் என்று அமெரிக்காவில் ஒருவர் புத்தகமே போட்டு, லட்சக்கணக்கில் விற்று, நாளும் வந்து போனது. அதற்குப் பிறகும் இதே பாதையா? லேவியராகமத்தில் இந்த நாளுக்குக் காரணம்கூடச் சொல்லவில்லை. ஓய்வு, எக்காளச் சத்தம், ஞாபகக்குறி, அவ்வளவுதான். காரணம் சொல்லாததைச் சொல்லாததாகவே விட்டிருக்கலாம்.

கூடாரப்பண்டிகையில் பெட்டி மறுபடி எழுந்து நிற்கிறது. சீலோவாம் குளத்திலிருந்து பொற்குடுவையில் தண்ணீர் மொண்டு வந்து பலிபீடத்தில் ஊற்றுவது, ஸ்திரீகள் பிராகாரத்தில் பெரிய விளக்குத்தண்டுகளில் ஆசாரியர்களின் பழைய உடுப்பைக் கிழித்துத் திரி போடுவது, எல்லாம் மிஷ்னாவிலிருந்து அட்டை அட்டையாக வருகிறது. அதன் பிறகு யோவான் 7-இல், பண்டிகையின் கடைசி நாளில், தாகமாயிருக்கிறவன் என்னிடத்தில் வரட்டும் என்று ஒருவர் எழுந்து நின்று கூப்பிடுகிறார். அந்த அட்டையைத் திருப்பியதும் வகுப்பில் சத்தமே இல்லை.

எண்ணாகமம் 29-இல் காளைகளைக் கூட்டிப் பார்க்கிற பயிற்சியையும் விட்டுவிடாதீர்கள். முதல் நாள் 13, அடுத்த நாள் 12, இப்படியே ஏழாம் நாள் 7. கூட்டினால் 70. ஆதியாகமம் 10-இல் எண்ணுகிற 70 ஜாதிகளுக்காக என்று ரபீமார் சொன்னார்கள். இயேசு பிறந்தது கூடாரப்பண்டிகையில்தான் என்று யோவான்ஸ்நானனின் அப்பா சகரியா இருந்த அபியா என்ற ஆசாரிய வகுப்பின் முறையை வைத்துக் கணக்குப் போடுகிற அரை மணி நேரத்தைத் தாண்டிவிடலாம், அனுமானத்தின்மேல் அனுமானம்.

யாருக்கு இது? பிள்ளைகளோடு உட்கார்ந்து, கையேட்டை ஒரு கையிலும் வேதத்தை இன்னொரு கையிலும் வைத்துக்கொள்ள நேரமிருக்கிறவர்களுக்கு. அப்படியே வீடியோவைப் போட்டுவிட்டுப் பின்னால் உட்காரலாம் என்றால் வேண்டாம். பண்டிகைகளைக் கிறிஸ்தவர்கள் அனுசரித்தே ஆக வேண்டும் என்று பெட்டி எங்கும் வற்புறுத்தவில்லை. கொலோசெயர் 2-ஐ முதல் பக்கத்திலேயே போட்டு, இவை நிழல், பொருள் கிறிஸ்து என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த நிதானத்துக்கு நன்றி. சக்கரத்தைப் பற்றி வெளியீட்டாளருக்கு இரண்டு தடவை எழுதினேன், பதில் இல்லை.

கடைசியாகச் சார்ட்டில் ஒன்று. பெந்தெகொஸ்தேக்கும் எக்காளத்துக்கும் நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு வெறும் வெள்ளை இடம் விட்டு, "சபையின் காலம்" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். நாம் இருக்கிற இடம் அதுதானாம். அந்த இடத்தில் அதிகாரத்தில் என்ன வருகிறது என்று ஒரு நாள் விரலை வைத்துப் பார்த்தேன். 22-ஆம் வசனம். பண்டிகையே இல்லை. அறுவடை செய்யும்போது வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்கிறது. சார்ட்டில் இந்த வசனத்துக்கு ஒரு புள்ளிகூட இல்லை.

மார்க்கரால் எழுதிப் பார்த்தேன், லேமினேஷனில் மை நிற்கவில்லை, கைபட்டதும் வழிந்துவிட்டது. பிறகு அந்தப் போன் பார்த்த பெண்ணிடமே ஒரு தாளில் அந்த வசனத்தை எழுதித் தரச் சொன்னேன். டேப் போட்டு ஒட்டியிருக்கிறோம். இரண்டு தடவை விழுந்தது. இப்போது நாலு மூலையிலும் டேப்.